ஏசித் தண்ணீரும் துரைஃப் குளிரும்

துபாயிலும் குளிர்காலமா என்று ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். உடையப்பனின் மனைவி பானுப்பிரியாவும் அப்படித்தான் சிரித்தாள். "பாலைவனத்துல உக்காந்துக்கிட்டு என்னங்க குளிரு குளிருங்கிறீங்க? இங்க மார்கழிப் பனியில நாங்கல்ல நடுங்குறோம்," என்றாள். உடையப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஜெபல் அலியில குளிராது புள்ள. வண்டி போற இடத்துல குளிரும். அது தெரியாமத்தான் போன வருசம் என் மானம் போச்சு," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மானம் போன கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு அந்த மனிதர் ஒர்க்ஷாப்புக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார் என்றால், அதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது.

உடையப்பனுக்குச் சொந்த ஊர் காளையார்கோயில் பக்கம். இருபத்து நான்கு வயதில் ஹெல்ப்பர் விசாவில் வந்து, கழற்றிப் போட்ட இஞ்சின் சாமான்களை டீசலில் கழுவுகிற வேலையில் சேர்ந்தவர். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் வண்டியோடு வருகிற தடித்தடியான ஆங்கிலப் புத்தகங்களை எழுத்துக் கூட்டி, தெரியாத வார்த்தையைப் பக்கத்து ரூம் மலையாளியிடம் கேட்டுக்கேட்டு, பத்து வருடத்தில் வரிவிடாமல் படித்து முடித்தார். இப்போது நாற்பத்தெட்டு வயது. துபாய்த் துறைமுகத்தை ஒட்டிய ஜெபல் அலியில், நாற்பத்தெட்டு ட்ரெய்லர் ஓடுகிற ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் ஒர்க்ஷாப்புக்கு ஃபோர்மேன். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு வண்டி கேட்டைத் தாண்டாது. கையெழுத்துப் போட்ட வண்டி இஞ்சின் கோளாறால் வழியில் நின்றதில்லை. பதினொரு வருடம் அப்படி ஓடியது. அதை அவரே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார். அடக்கமான ஆள் என்று யாரும் அவரைப் பற்றிச் சொல்லிவிட முடியாது.

அந்தப் பெருமையில் பாதி ஏசித் தண்ணீருக்குச் சேரும். கம்பெனி ஆட்கள் தங்குகிற கேம்ப்பில் ரூமுக்கு ஒரு ஏசி. கோடைக்காலத்தில் இருபத்து நாலு மணி நேரமும் ஓடும். பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்கும். உப்பில்லாத, கறை படியாத தண்ணீர். உடையப்பன் ஒவ்வொரு ஏசிக்கு அடியிலும் இருபது லிட்டர் கேன் ஒன்றை வைத்தார். "ரேடியேட்டருல குழாத் தண்ணி ஊத்துனவன் என் மூஞ்சியில முழிக்கக் கூடாது. ஏசித் தண்ணிதான் ஊத்தணும்," என்று டிரைவர்களுக்குச் சட்டம் போட்டார். ஐம்பது டிகிரி வெயிலில் ரேடியேட்டர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். டிரைவர்களும் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். மற்ற கம்பெனி வண்டிகளின் ரேடியேட்டரைக் கழற்றினால் உள்ளே உப்பு அப்பிக் கிடக்கும். உடையப்பனின் வண்டிகளில் அது புதுசு மாதிரி இருக்கும். வேறு கம்பெனி ஃபோர்மேன்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போய்க் கேன் வைத்தார்கள்.

அதுவரைக்கும் வண்டிகள் ரியாத், தம்மாம், சலாலா என்றுதான் ஓடிக்கொண்டிருந்தன. போன குளிர்காலத்தில் கம்பெனிக்குப் புதிதாக ஒரு வேலை வந்தது. சவூதியின் வடக்கு மூலையில், ஜோர்டான் எல்லைக்குப் பக்கத்தில், துரைஃப் என்று ஓர் ஊர். அங்கே ஒரு சைட்டுக்குப் பைப் கொண்டுபோய் இறக்க வேண்டும். வெள்ளோட்டமாக ஒரே ஒரு வண்டி போனது. டிரைவர் வாசு, பெரம்பலூர்க்காரன், நாற்பது வயது. பன்னிரண்டு வருடமாக இந்தக் கம்பெனியில் ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டியவன்.

வாசு துரைஃப் போய்ச் சேர்ந்தது சாயங்காலம். லோடு இறக்குவது காலையில்தான் என்றார்கள். சும்மா நிற்கிற வண்டியில் இஞ்சின் ஓடினால் டீசல் வீண் என்பது கம்பெனி ரூல். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பெட்டி பொருத்தியிருக்கிறார்கள். வண்டி எங்கே நிற்கிறது, இஞ்சின் ஓடுகிறதா இல்லையா எல்லாம் ஜெபல் அலி ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரியும். இஞ்சின் ஓடினால் பச்சைப் புள்ளி, அணைந்தால் சிவப்புப் புள்ளி. வாசு ரூல்படி ஒன்பது மணிக்கு இஞ்சினை அணைத்துவிட்டுப் படுத்தான். காலையில் மைனஸ் நாலு. ரேடியேட்டருக்குள்ளும் இஞ்சினுக்குள்ளும் இருந்த தண்ணீர் மொத்தமும் ஐஸ் ஆகி, இஞ்சின் பிளாக் வெடித்துக் கிடந்தது. பைப்பும் வண்டியும் எட்டு நாள் அங்கேயே நின்றன.

கம்பெனியில் வேலைகளைக் கவனிக்கிற மேனேஜர் ராஜிக். காயல்பட்டினத்துக்காரர், முப்பத்தைந்து வயது, கெட்டிக்காரர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மேலிடத்துக்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும் அல்லவா? "டிரைவரின் கவனக்குறைவு" என்று ரிப்போர்ட் எழுதினார். "அவ்வளவு குளிருல இஞ்சினை ஆஃப் பண்ணலாமா? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே," என்றார். வாசுவின் விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பப் பேப்பர் தயாரானது.

உடையப்பனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. புத்தகத்தை எடுத்துத் திரும்பப் படித்தார். கூலன்ட் என்று ஒரு பச்சைத் திரவம் உண்டு. தண்ணீரோடு சரிபாதி கலந்தால் மைனஸ் முப்பதிலும் உறையாது என்று அதே புத்தகத்தில், அவரே அடிக்கோடு போட்டிருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இருந்தது. வருடக்கணக்காக வெறும் தண்ணீரை ஊற்றிஊற்றி, வண்டி வரும்போது இருந்த கூலன்டையெல்லாம் அவர்தான் கழுவித் தள்ளியிருந்தார். ஜெபல் அலியில் அது தப்பே இல்லை. இங்கே எந்த ஜென்மத்தில் ஐஸ் பிடிக்கப்போகிறது? துரைஃபில் அது கொலை.

மூன்றாம் நாள் நேரே ராஜிக்கின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"பாய், அந்த ரிப்போர்ட்டக் கிழிச்சுப் போடுங்க. தப்பு வாசு பேருல இல்ல. ஏசித் தண்ணி ஊத்தச் சொன்னவன் நான். கேன்சல் பண்றதா இருந்தா மொதல்ல என்னையப் பண்ணுங்க."

"அண்ணாச்சி, உங்களை யாரு கேட்டா? நீங்களா எதுக்கு வாயைக் குடுத்து மாட்டிக்கிடுதீங்க?"

"யாரும் கேக்கலங்கிறதுக்காகச் சொல்லாம இருக்க முடியுமா? அவன் புள்ளைக படிக்குது பாய்."

விஷயம், எல்லோரும் அர்பாப் என்று கூப்பிடுகிற அரபி முதலாளி வரைக்கும் போனது. அவர் உடையப்பனையும் வாசுவையும் ஏற இறங்கப் பார்த்தார். பேப்பரை ஓரமாக வைத்தார். அடுத்த குளிர்காலத்தில் இந்த வேலைக்குப் பதினாலு வண்டி போகும், குளிரால் ஒரு வண்டி நின்றாலும் இரண்டு பேரின் வேலையும் கலாஸ், அதோடு தீர்ந்தது என்றார். அதுவரை வாசு வெளியூர் ஓட்ட வேண்டாம், யார்டுக்குள்ளேயே வண்டி மாற்றி நிறுத்தட்டும் என்றார். ரிப்போர்ட் மட்டும் கிழிக்கப்படவில்லை. அது ஃபைலில் அப்படியே இருந்தது.

பன்னிரண்டு வருடம் எல்லை தாண்டி ஓட்டியவனை யார்டுக்குள் முன்னே பின்னே நகர்த்தவிட்டால் எப்படி இருக்கும்? வாசு உடையப்பனைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவரைத் தின்றது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று நினைத்தார்.

அக்டோபர் பிறந்ததுமே உடையப்பன் குளிர்காலத்தைத் தொடங்கிவிட்டார். ஆனால் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஆட்களைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து எல்லோரும் சாப்பிட்டு வந்த பிறகு, பதினாலு வண்டி டிரைவர்களையும் ஒர்க்ஷாப்பில் கூட்டினார். தமிழர், மலையாளி, பெஷாவர் பட்டாணி எல்லோரும் உண்டு. பாதித் தமிழும் பாதி இந்தியுமாகப் பேசினார்.

"இத்தன வருசமா நான் உங்களுக்கு ஒண்ணு சொல்லிக் குடுத்தேன். அது தப்பு. எனக்குத் தெரியாம இருந்துச்சு. இனிமே ரேடியேட்டருல ஏசித் தண்ணிய மட்டும் ஊத்துறது மாஃபி, கூடவே கூடாது. கேனையெல்லாம் நானே எடுத்துட்டேன்."

அவர் ஆயுசில் இப்படிப் பேசியவர் இல்லை. ஆனால் டிரைவர்கள் மண்டையில் அது ஏறவே இல்லை. அதிராம்பட்டினத்து சுஐபு எழுந்தான். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற ஆள்.

"ஏண்ணே, பத்து வருசமா அமிர்தம்னீங்க. இப்ப விஷங்கிறீங்க. அடுத்த வருசம் டீசலும் வேணாம்னு சொல்லுவீங்களோ?"

எல்லோரும் சிரித்தார்கள். உடையப்பன் சிரிக்கவில்லை. பேசிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்துவிட்டது. நேரே கேம்ப் மெஸ்ஸுக்குப் போனார். மீன் போட்டு வைக்கிற பெரிய ஃப்ரீசரில் இரண்டு கண்ணாடி பாட்டில்களை, பாலித்தீன் பையில் நாலு சுற்றுச் சுற்றி வைத்தார். ஒன்றில் ஏசித் தண்ணீர். இன்னொன்றில் பாதி கூலன்ட், பாதி தண்ணீர். சமையல்காரர், "என் நெய்மீனுக்குப் பக்கத்துல விஷத்தக் கொண்டாந்து வெக்கிறியே, நீ மனுசனா?" என்று ஒரு ஆட்டம் ஆடித் தீர்த்தார். மறுநாள் மத்தியானம் சோறு போடுகிற நேரத்தில், உடையப்பன் இரண்டு பையையும் எடுத்துவந்து மெஸ் மேசையில் பிரித்தார். கூலன்ட் பாட்டில் ஆட்டினால் தளும்பியது. ஏசித் தண்ணீர் பாட்டில் கழுத்திலிருந்து அடிவரைக்கும் பிளந்து, உள்ளே வெள்ளைக் கட்டியாக நின்றது.

வாசு தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்து, பிளந்த பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இப்படித்தாண்ணே வெடிச்சிருக்கு," என்றான். அவ்வளவுதான் சொன்னான். பட்டாணி டிரைவர் எழுந்துபோய்த் தன் ரூமுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த கேனைக் கொண்டுவந்து கவிழ்த்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். ஆளுக்கொரு கேன் ஒளித்து வைத்திருந்தது அப்போதுதான் உடையப்பனுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்த வேலையை அந்த ஒர்க்ஷாப்பில் இப்போதும் பேசுகிறார்கள். பதினாலு வண்டியின் ரேடியேட்டரையும் மூன்று மூன்று தடவை கழுவினார்கள். கூலன்டை அளந்து கலந்தார்கள். அதைச் சோதிக்க ஒரு சின்னக் குழல் உண்டு. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால், எத்தனை டிகிரியில் உறையும் என்று உள்ளே ஒரு கோடு காட்டும். உடையப்பன் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். பார்க்கிற ரேடியேட்டரிலெல்லாம் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்ப்பார். மைனஸ் முப்பதுக்கு ஒரு கோடு குறைந்தாலும், "திரும்பத் தொறடா," என்பார்.

பிறகு ஹீட்டர். கல்ஃப் வண்டிகளில் கேபின் ஹீட்டரை யார் தொட்டார்கள்? வெயிலில் கேபினுக்குள் அனல் வரக் கூடாது என்று, வண்டி வந்த வாரமே ஹீட்டருக்குப் போகிற பைப்பைக் கழற்றி மடக்கிக் கட்டிவிடுவது இங்கே எல்லா ஒர்க்ஷாப்பிலும் வழக்கம். பதினாலு வண்டியிலும் கட்டியவர் உடையப்பன்தான். அவிழ்த்தவரும் அவரே. அவிழ்த்தால் பாதி ஹீட்டர்களில் பழைய தண்ணீர் துருவேறித் தேங்கிக் கிடந்தது. சும்மா கூலன்ட் மாற்றிவிட்டு அனுப்பியிருந்தால் அந்தத் தண்ணீர் அங்கே உறைந்து வேலையைக் காட்டியிருக்கும். அன்றைக்கே பதினாலையும் கழற்றிப் புதுசு போட்டார்.

கடற்கரைப் புழுக்கத்தில் பிரேக்கின் காற்று டாங்குகளில் தண்ணீர் சேர்ந்திருக்கும். அது உறைந்தால் பிரேக் பிடிக்காது. எல்லா டாங்கையும் வடித்தார்கள். கோடை வெயில் தின்றுவிட்ட பேட்டரிகள் ஜெபல் அலியில் எப்படியோ இழுத்துக்கொண்டு ஓடும், குளிரில் காலை வாரிவிடும். இருபத்தெட்டு பேட்டரியில் பதினொன்றை ஒதுக்கினார். வெயிலில் வெந்து விறைத்த வைப்பர் ரப்பர் எல்லாம் மாறியது. பதினாலு வண்டியும் டாங்கைக் காலியாக்கிக்கொண்டே போய், வடக்கே அரார் நகரத்தில் அந்த ஊர்க் குளிரில் கெட்டியாகாத டீசலை நிரப்ப வேண்டும் என்று டிரைவர்களிடம் கிளிப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். நாற்பது நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார் என்றால் அது மிகையில்லை. கடைசி வண்டியின் தாளில் கையெழுத்துப் போட்டபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாண வீட்டுக்காரர் மாதிரி இருந்தார்.

ஜனவரி முதல் வாரத்தில் வண்டிகள் கிளம்ப வேண்டும். டிரைவர் லிஸ்டைப் பார்த்த உடையப்பன் பேனாவை மூடி வைத்தார்.

"வாசு பேரு இல்லையே பாய்?"

"அவன் வேண்டாம் அண்ணாச்சி. ராசி இல்லாத பய. அவன் போயி ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உங்களுக்கும் சேத்துல்லா கெட்ட பேரு?"

"அவன் போகாம பதினாலும் பத்திரமாத் திரும்புனாலும், போன வருசத் தப்பு அவன் தலையிலதான் கெடக்கும். அவன் போகணும். இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஒற்றைக் காலில் நின்றார். ராஜிக் வேறு வழியில்லாமல் வாசுவின் பெயரை எழுதினார். ஆனால் டிரைவர்களைப் பார்த்து ஒன்று சொன்னார்: "இந்தத் தடவை டீசலைப் பத்திக் கவலைப்படாதீங்க. ராத்திரி இஞ்சின் ஓடட்டும். எதுக்கு வம்பு?"

உடையப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது. "ராத்திரி பூரா ஓடவிட்டாத்தான் வண்டி பொழைக்கும்னா, நான் நாப்பது நாளா என்னத்தப் புடுங்குனேன்? அணைச்சுப் போட்டுட்டுத் தூங்குங்கப்பா. காலையில ஆறரைக்கு ஸ்டார்ட் பண்ணுங்க. கெளம்பலேன்னா நான் பொறுப்பு," என்றார். பதினாலு பேரும் சரி என்று தலையாட்டினார்கள்.

வண்டிகள் கிளம்பிப் போன நாலாம் நாள் காலை. துரைஃபில் ஆறரை என்றால் ஜெபல் அலியில் ஏழரை. உடையப்பன் ஏழு மணிக்கே ஒர்க்ஷாப்புக்கு வந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். டீ ஆறிப்போனது. முந்தின நாளே டிரைவர்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ராத்திரி அங்கே மைனஸ் ஏழு என்று போன் காட்டியது. போன வருடத்தை விட மோசம்.

ஏழரை மணிக்கு முதல் செய்தி வந்தது. சுஐபின் குரல். பின்னால் இஞ்சின் ஓடுகிற சத்தம். "அண்ணே, வண்டி சிங்கம் மாதிரி நிக்குது." அடுத்து பட்டாணி. அடுத்து ஒரு மலையாளி. ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. மெக்கானிக்குகள் சுற்றி நின்று விரல் விட்டு எண்ணினார்கள். பதிமூன்று வந்தது. உடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை மறைக்கவுமில்லை.

பதினாலாவது வரவில்லை. வாசுவுக்குப் போன் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். சுஐபைக் கேட்டார். வாசு வண்டி சைட்டின் அடுத்த மூலையில் நிற்கிறது, இங்கிருந்து தெரியவில்லை, லோடு இறக்க வரிசையில் நிற்கிறேன், முடிந்ததும் போய்ப் பார்க்கிறேன் என்றான். அதற்குள் ராஜிக்கின் ஆபீசிலிருந்து ஆள் வந்து, மேனேஜர் உடனே கூப்பிடுகிறார் என்றான்.

ராஜிக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். துரைஃபில் பதினாலு புள்ளிகள். பதிமூன்று பச்சை. ஒன்று சிவப்பு.

"அண்ணாச்சி, இதைப் பாருங்க," என்று ராஜிக் ராத்திரிக் கணக்கைத் தட்டினார். "இந்தப் பதிமூணும் ராத்திரி ஒரு நிமிஷம்கூட ஆஃப் ஆகலை. பூரா ராத்திரியும் இஞ்சின் ஓடியிருக்கு. நீங்க அணைக்கச் சொன்னீங்க. ஒருத்தனும் அணைக்கலை."

சற்றுமுன் உடையப்பன் கேட்ட பதிமூன்று இஞ்சின் சத்தமும் பொய்யாகிப் போனது. வெந்நீர் மாதிரி சூடாக இருந்த இஞ்சின் காலையில் ஓடுவதில் என்ன அதிசயம்? வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால்கூட ஓடியிருக்கும். நாற்பது நாள் வேலை நின்றதா விழுந்ததா என்று அந்தப் பதிமூன்றும் எதையும் சொல்லவில்லை. அதைவிட, பதிமூன்று பேர் தலையாட்டிவிட்டுப் போய் அவரை நம்பவில்லை என்பதுதான் சுருக்கென்று தைத்தது.

"இந்தச் சிவப்பு வாசு," என்றார் ராஜிக். "ராத்திரி ஒன்பது மணிக்கு ஆஃப். இப்ப எட்டாகப் போகுது. மைனஸ் ஏழுல பத்து மணி நேரத்துக்கு மேல ஆச்சு. போனும் எடுக்கலை. போன வருஷமும் இப்படித்தான் அண்ணாச்சி."

அவர் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. உடையப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தச் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசுவின் வண்டியை அவர் மனதுக்குள் முன்னாலிருந்து பின்னால்வரை கழற்றி மாட்டினார். கூலன்ட் சரி. ஹீட்டர் புதுசு. பேட்டரி இரண்டும் புதுசு. டீசல் அராரில் போட்டான், பில் அனுப்பினான். எங்கே விட்டேன்? எதையோ விட்டிருக்கிறேனா? போன வருடமும் இப்படித்தான், எல்லாம் தெரியும் என்றல்லவா இருந்தேன். வேலை போனால் போகட்டும். தன்னால் அந்த மனிதனுக்கு இரண்டாம் தடவையும் தலைகுனிவு வந்தால் என்ன செய்வது என்பதுதான் அவர் கவலை.

எட்டு மணி தாண்டி ஆறு நிமிடம். புள்ளி பச்சையானது.

இரண்டு பேரும் மறுபடி அணைந்துவிடுமோ என்று பார்த்தார்கள். அணையவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், பச்சையாகவே நின்றது. அப்போது உடையப்பனின் போன் அடித்தது. வாசு. ராஜிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, கெளம்பிருச்சு. ஒரே சாவி. ஒரே ஒரு சாவிதாண்ணே." குரல் துண்டுதுண்டாக வந்தது. அழுகிறான் என்று உடையப்பன் நினைத்தார். அழுகை இல்லை, பல் கிட்டித்துப் போயிருந்தது.

"ஏன்டா போன எடுக்கல? உசுரே போச்சு இங்க."

"சார்ஜு எறங்கிருச்சுண்ணே. இஞ்சின் ஆஃப்ல எங்க போடுறது? இப்பத்தான் உசுரு வந்துச்சு."

"ஆறரைக்குத்தான ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்?"

"சூரியன் வர்றதுக்கு முன்னாடிதான் குளிரு ரொம்ப ஏறும்னு இங்க வாட்ச்மேன் சொன்னாருண்ணே. அதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணா ஏமாத்துன மாதிரி ஆயிரும்னு, வெளுக்கட்டும்னு உக்காந்திருந்தேன்."

"ராத்திரி பூரா அந்தக் குளிர்லயா? ஹீட்டர் இல்லாமயா?"

"ஆமாண்ணே. ரெண்டு கம்பளி. தூங்கவே இல்ல, சும்மா உக்காந்துதான் இருந்தேன். எல்லாரும் வந்து வந்து திட்டுனாங்க, ஓடவிடுறா செத்துருவன்னு. எனக்கு மனசு வரலண்ணே. எனக்காக உங்க தலையக் குடுத்தீங்க. நீங்க செஞ்ச வண்டிய நானே நம்பலேன்னா, வேற எவன்ணே நம்புவான்?"

கல்ஃபுக்கு வந்து இருபத்து நாலு வருடத்தில் இப்படி ஒரு மரியாதையை யாரும் உடையப்பனுக்குச் செய்ததில்லை. ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து நடுங்கி ஒருவன் அதைச் செய்திருந்தான்.

ராஜிக் கையை நீட்டி மேசையிலிருந்த போனைத் தன் பக்கம் இழுத்தார். இத்தனை வருடத்தில் வாசுவை அவர் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை.

"வாசுண்ணே, ராஜிக் பேசுதேன். போன வருஷம் நான் எழுதினது தப்பு. ஃபைல்ல இருந்து இன்னைக்கே எடுத்து, என் தப்புன்னு எழுதி அர்பாப்புக்குக் குடுத்திருதேன். மன்னிச்சுக்கிடுங்க."

அந்தப் பக்கம் இஞ்சின் சத்தம் கேட்டது. தாளம் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. உடையப்பன் தலையைச் சாய்த்து அதையே கேட்டார்.

"சரிங்க பாய்," என்றான் வாசு. "பத்து மணிக்கு லோடு எறக்கிருவேன்."